கரும்புக்குப் பெத்தவங்களைக் கண்டுபிடித்த ஜானகி அம்மாள்

இந்த மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பத்தி எழுதச் சொன்னாங்க. நான் கரும்புக் காட்டில் சோகை உரித்து வளர்ந்தவள். அதனால் ஜானகி அம்மாளை எடுத்துக்கிட்டேன்.

1897-ல் தலைச்சேரியில் பெரிய குடும்பத்தில் பிறந்தவங்க. சென்னையில் தாவரவியல் படிச்சு, கப்பலேறிப் போய் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. கடைசிவரை கல்யாணம் செய்துக்கலை.

1934-ல் நம்ம கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தாங்க. தித்திப்புக் கரும்பு நோய்க்குச் சீக்கிரம் விழும்; ஆத்தோரத்து நாணல் தாங்கி நிற்கும். இரண்டையும் கலந்து புது ரகம் எடுத்த இடம் அது. முளைத்த நாற்று உண்மையிலேயே கலப்பா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. செடியின் உயிரணுவுக்குள் குரோமோசோம் என்ற இழைகள் இருக்கு. மனுசருக்கு 46, கத்தரிக்கு 24. நுண்ணோக்கியில் அதை எண்ணினால் பெத்தவங்க யாருன்னு தடம் கிடைக்கும். அந்த வேலைதான் அம்மாவுடையது. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தாங்க.

பிறகு இங்கிலாந்து போனாங்க. லண்டனில் குண்டு விழுந்த போர்க்காலத்திலும் வேலையை விடலை. பயிர்களின் குரோமோசோம் கணக்கை டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் புத்தகமாக்கினாங்க. அடுத்து விஸ்லி தோட்டத்தில், நம்ம ஊட்டி மலையில் சிவப்பாய்ப் பூக்கிற காட்டுப்பூவரசின் சொந்தங்களை எண்ணினாங்க. இலை உதிர்க்கும் அசேலியாவும் அந்த வகையறாதான். பலதுக்கு 26, சிலதுக்கு 52. இரண்டும் கலந்தால் பிள்ளைக்கு 39. இழைகள் சரியாக ஜோடி சேராததால் அதில் விதை பிடிப்பது அபூர்வம். எண்ணித் தெரிஞ்சுக்கிட்டால் தோட்டக்காரருக்கு வருசக்கணக்கான உழைப்பு மிச்சம்.

1951-ல் நாடு திரும்பினாங்க. 1977-ல் பத்மஸ்ரீ. 1984-ல் மறைந்தாங்க. ஒரு மக்னோலியா மரத்துக்கு அவங்க பேரே வெச்சிருக்காங்க.

எம் மூத்த அம்மிணி பன்னிரண்டாவது முடிச்சப்போ, கரும்பு வெட்டறவ மகளுக்குக் காலேஜ் எதுக்குன்னு சொந்தத்திலேயே கேட்டாங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எண்ணிக்கை பெத்தவங்களைக் காட்டும். பிள்ளை எவ்வளவு வளரும்னு காட்டாதுங்களே. அடுத்த கூட்டத்தில் உள்கடன் கேட்டேன். குழுவில் எல்லோரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டாங்க. அம்மிணி இப்போ தாவரவியல் இரண்டாம் வருசம். தவணை ஒண்ணுகூடத் தவறலைங்க.