கூஃபாவின் ஜவுளி வியாபாரி

ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் நம் தமிழகத்தில் ஏராளம். ஆயினும் அந்த மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு ஜவுளி வியாபாரி என்பதை நம்மில் அறிந்தோர் குறைவே.

இராக்கிலுள்ள கூஃபா நகரில் ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) பிறந்த அவர்களின் இயற்பெயர் நுஃமான். பட்டும் கம்பளியும் கலந்து நெய்த ‘கஸ்’ என்னும் துணியே அவர்கள் கடைச் சரக்கு. வாலிபப் பருவத்தில் ஒருநாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில், பேரறிஞர் ஷஅபீ (ரஹ்) அவர்கள் அழைத்து, எந்த ஆலிமிடம் போய்வருகிறீர் என விசாரித்தார்கள். யாரிடமும் இல்லை என்றதும், ஆலிம்களின் சபையில் போய் அமரும்படி அறிவுரை சொன்னார்கள். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

மார்க்கச் சட்டக் கலையான ஃபிக்ஹைக் கற்க அவர்கள் நாடிச் சென்ற உஸ்தாது ஹம்மாது இப்னு அபீஸுலைமான் (ரஹ்). பத்து ஆண்டுகள் ஓடின. இனித் தனியாக ஒரு சபை நடத்தலாமே என்ற ஆசை எழுந்தது. அந்த எண்ணத்தோடு ஒரு மாலை பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு, உஸ்தாதைக் கண்டதும் விலகி உட்கார மனம் வரவில்லை. அன்றிரவே ஹம்மாதுக்குப் பஸராவிலிருந்து உறவினர் ஒருவரின் மரணச் செய்தி வந்தது. சொத்துக்கு அவரே வாரிசு. மாணவரைத் தம் இடத்தில் அமர்த்திவிட்டுப் புறப்பட்டார்கள்.

இரண்டு மாதங்கள்! உஸ்தாதிடம் கேட்டறியாத மஸ்அலாக்கள் அறுபது வந்தன. சபையில் விடை சொன்ன அபூஹனீஃபா அவர்கள், அத்தனையையும் எழுதியும் வைத்தார்கள். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தவறு வெளியே தெரியாமல் போக வழியிருந்தும், அதற்கு இடம் வைக்கவில்லை. திரும்பி வந்த உஸ்தாது நாற்பதை ஒப்புக்கொண்டார்கள், இருபதில் மாறுபட்டார்கள். தனிச் சபை ஆசை அன்றோடு போயிற்று. உஸ்தாது ஹிஜ்ரி 120-ல் வஃபாத்தாகும் வரை அவர்களை விட்டுப் பிரியவில்லை. மொத்தம் பதினெட்டு ஆண்டுகள். நாமோ நாலு கிதாபைப் புரட்டியதும் ஃபத்வா கொடுக்கத் துணிந்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் கடையை அவர்கள் மூடிவிடவில்லை. ஒருமுறை கூட்டாளி ஹஃப்ஸிடம் சரக்கை ஒப்படைத்தபோது, அதில் ஒரு துணியில் பழுது இருப்பதைச் சொல்லியே விற்க வேண்டும் என எச்சரித்திருந்தார்கள். ஹஃப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். ஃபிக்ஹுப் பாடத்தில் காட்டிய கண்டிப்பு கல்லாப்பெட்டியிலும் இருந்தது! வியாபாரத்தில் வந்த லாபம் ஏழை மாணவர்களின் குடும்பங்களையும் தாங்கியது. பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக விளங்கிய அபூயூஸுஃப் (ரஹ்) அந்த மாணவர்களில் ஒருவர்.

அதே காஜிப் பதவியைக் கலீஃபா மன்ஸூர் வலிந்து கொடுத்தபோது இமாம் அவர்கள் ஏற்க மறுத்தார்கள், சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள்.

உஸ்தாது மறைந்த நாள் முதல், தொழுகைக்குப் பின் பெற்றோருக்காகத் துஆக் கேட்கும்போதெல்லாம் ஹம்மாதுக்காகவும் கேட்டுவந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இமாம் அவர்களின் மகன் பெயரும் ஹம்மாதுதான்.