சார்லி சாப்ளின் ஏன் சுவிட்சர்லாந்தில் செட்டில் ஆனார்? 63 வயதில் புது நாடு தேடிய கதை

ரிட்டயர் ஆனதும் வெளிநாட்டில் போய் அமைதியா இருக்கலாம்... இப்படி ஒரு ஆசை நிறைய பேருக்கு உண்டு. எந்த நாடு அழகு, எங்கே செலவு கம்மின்னு தேடுவோம். ஆனா ஒரு காலத்தில் உலகத்துக்கே தெரிந்த முகமாக இருந்த ஒருவர், 63 வயதில், 4 குழந்தைகளோடு, எந்த நாட்டில் மிச்ச வாழ்க்கையைக் கழிப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் சார்லி சாப்ளின். அவர் எப்படி முடிவெடுத்தார்? அது அவருக்கு என்ன கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது? பார்க்கலாம்.

40 வருஷம் இருந்தும் குடியுரிமை இல்லை

1889-ல் லண்டனில் பிறந்தவர் சாப்ளின். சிறுவயதில் வறுமை, அம்மாவுக்கு மனநல பாதிப்பு, ஆதரவற்றோர் விடுதி வாழ்க்கை. 1910-ல் ஒரு நாடகக் குழுவோடு முதல்முறையாக அமெரிக்கா போனார். 1912-ல் மறுபடியும் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1914-ல் சினிமாவில் அறிமுகம். சில வருஷங்களிலேயே உலகப் புகழ்.

வீடு, ஸ்டூடியோ, பணம், குடும்பம் எல்லாமே அமெரிக்காவில்தான். ஆனா ஒன்றை மட்டும் அவர் செய்யவே இல்லை. அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. கடைசி வரை பிரிட்டிஷ் பிரஜைதான்.

புகழ் உச்சத்தில் இருந்தவரை இது பெரிய பிரச்னையா தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலை. சாப்ளினின் அரசியல் பேச்சுகளை எஃப்பிஐ கவனித்துவந்தது. சொந்த வாழ்க்கை சர்ச்சைகளும் சேர்ந்துகொண்டன. இவ்வளவு சம்பாதித்தும் குடியுரிமை வாங்காதது ஏன் என்ற கேள்வியும் திரும்பத் திரும்ப எழுந்தது.

நடுக்கடலில் வந்த செய்தி

1952 செப்டம்பர். 'லைம்லைட்' படத்தின் லண்டன் வெளியீட்டுக்காக, மனைவி ஊனா, 4 குழந்தைகளோடு நியூயார்க்கில் கப்பல் ஏறினார் சாப்ளின். திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு கையில் இருந்தது.

கப்பல் கிளம்பி 2 நாள்கூட ஆகவில்லை. அமெரிக்க அட்டர்னி ஜெனரல் அந்த அனுமதியை ரத்து செய்துவிட்டார். திரும்பி வர வேண்டும் என்றால் அரசியல் கருத்துகள், ஒழுக்கம் பற்றிய விசாரணைக்கு உட்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே உத்தரவில் 40 வருஷ வீடு கைவிட்டுப் போனது.

இதில் ஒரு ட்விஸ்ட் உண்டு. அவரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அரசிடம் வலுவான ஆதாரம் இல்லை என்பது, பல வருஷம் கழித்து வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது. விண்ணப்பித்திருந்தால் அனுமதி கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனா அன்றைக்கு இது சாப்ளினுக்குத் தெரியாது.

முதல் கவலை பணம்

சாப்ளினின் சொத்தில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்தது. அவரால் போக முடியாது. ஆனா ஊனா அமெரிக்கக் குடிமகள். பிரபல நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீலின் மகள். 1943-ல் சாப்ளினைத் திருமணம் செய்தபோது அவருக்கு 18 வயது, சாப்ளினுக்கு 54.

1952 நவம்பரில் ஊனா தனியாக விமானம் ஏறி கலிஃபோர்னியா போனார். வங்கி லாக்கரில் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பினார். இவரும் அமெரிக்கக் குடிமகளாக இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தின் கதி என்ன? நினைத்தாலே பகீர்னு இருக்கும்.

சொந்த ஊர் லண்டன் இருக்க, ஏன் சுவிட்சர்லாந்து?

லண்டனில் தங்கத்தான் சாப்ளினுக்கு ஆசை. தடுத்தவை இரண்டு. ஒன்று, கலிஃபோர்னியா வெயிலில் வளர்ந்த குழந்தைகளுக்கு லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம். இன்னொன்று, அப்போது பிரிட்டனில் இருந்த பணக் கட்டுப்பாடுகள். பணத்தை உள்ளே கொண்டுபோனால் வெளியே எடுப்பது கஷ்டம். ஏற்கெனவே ஒரு நாட்டில் மாட்டிக்கொண்ட அனுபவம் இருக்கே!

அப்போது ஒரு நண்பர் சொன்ன யோசனைதான் சுவிட்சர்லாந்து. போர்களில் பக்கம் சேராத நாடு. லண்டனுக்கும் எளிதாகப் போய்வரலாம். முதலில் லோசான் நகரில் ஏரியைப் பார்த்த ஒரு ஹோட்டலில் தங்கி வீடு தேடினார்கள். 1953 ஜனவரியில் வெவே நகருக்கு மேலே, கோர்சியே கிராமத்தில், சுமார் 14 ஹெக்டேர் நிலத்தோடு இருந்த 'மனுவார் து பான்' மாளிகை அவர்கள் வீடானது.

பிறகு அமெரிக்காவோடு இருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். 1953 ஏப்ரலில் மறு அனுமதிச் சீட்டையே சாப்ளின் திருப்பிக் கொடுத்தார். 1954-ல் ஊனா அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து பிரிட்டிஷ் பிரஜை ஆனார். 1955-ல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தில் சாப்ளினிடம் மிச்சமிருந்த பங்குகளும் விற்கப்பட்டன.

கிடைத்தது என்ன, இழந்தது என்ன?

கிடைத்தது குடும்பம். சுவிட்சர்லாந்தில் மேலும் 4 குழந்தைகள் பிறந்து மொத்தம் 8 ஆனது. 1964-ல் சுயசரிதை வெளிவந்தது. 1953-லேயே நேருவும் இந்திரா காந்தியும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்து போனார்கள்.

இழந்ததும் உண்டு. அந்தப் பகுதியின் மொழி பிரெஞ்சு. அது அவருக்குக் கடைசி வரை சரளமாக வரவில்லை. அமைதி தேடி வந்தவருக்கு, அருகில் இருந்த துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தின் சத்தம் வேறு தலைவலி. பெரிய இழப்பு தொழில்தான். சொந்த ஸ்டூடியோவில் நினைத்த நேரம் படம் எடுத்தவர், வாடகை ஸ்டூடியோவுக்காக லண்டன் போக வேண்டியதாயிற்று. 24 வருஷத்தில் இயக்கியது இரண்டே படங்கள், 1957-லும் 1967-லும். பழைய உயரத்தை இரண்டும் தொடவில்லை.

1972-ல் கௌரவ ஆஸ்கர் வாங்க, 20 வருஷம் கழித்து அமெரிக்கா போனார். அரங்கமே எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது. ஆனாலும் விழா முடிந்ததும் அவர் திரும்பியது சுவிட்சர்லாந்துக்குத்தான்.

மரணத்துக்குப் பிறகும் நிம்மதி இல்லை

1977 கிறிஸ்துமஸ் அன்று, 88 வயதில், அந்த வீட்டிலேயே இறந்தார் சாப்ளின். கோர்சியே கல்லறையில் அடக்கம். 1978 மார்ச்சில் சவப்பெட்டியைத் தோண்டித் திருடி, பணம் கேட்டு மிரட்டினார்கள் இருவர். ஊனா மசியவில்லை. மே மாதம் இருவரும் பிடிபட்டார்கள். ஒரு வயலில் புதைக்கப்பட்டிருந்த பெட்டி மீட்கப்பட்டு, இந்த முறை கான்கிரீட் போட்டு மூடப்பட்டது.

திருடியவர்கள் யார் தெரியுமா? ஒருவர் போலந்துக்காரர், இன்னொருவர் பல்கேரியர். இருவரும் மெக்கானிக்குகள். சொந்த நாட்டை விட்டு அதே சுவிட்சர்லாந்துக்கு வந்தவர்கள். அதே ஏரி, அதே மலை. ஆனா கையில் பணத்தோடு வந்தவருக்குக் கிடைத்த நாடு வேறு, பிழைக்க வந்தவர்களுக்குக் கிடைத்த நாடு வேறு.

1991-ல் ஊனாவும் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த மாளிகை 2016 முதல் அருங்காட்சியகம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

சாப்ளின் நாடு தேடியபோது அழகு கடைசியில்தான் வந்தது. உள்ளே விடுவார்களா, பணத்தை எடுக்க முடியுமா, குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா, மனைவியின் குடியுரிமை என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஏரியும் மலையும். வெளிநாட்டில் ஓய்வுக்காலம் என்று யோசிப்பவர்கள் இன்றைக்கும் முதலில் கேட்க வேண்டியவை இவைதான். அதுவும் 63 வயதில், கப்பல் கிளம்பிய பிறகு இல்லை. அதற்கு முன்னாடியே.