பிரிக்கும் வழி வேறு, கட்டும் வழி வேறு

மெஸ்ஸில் எண்ணெய்ப் பக்கமே போகாமல் சோறும் ரசமும் மட்டும்தான் சாப்பிடுறீங்க. ஆனாலும் செமஸ்டர் முடிவில் பேன்ட் இறுக்குது. சாப்பிடாத கொழுப்பு எங்கிருந்து வந்தது? உங்க செல்களே கட்டியதுதான். மிஞ்சிய மாவுச்சத்தில் ஒரு பகுதியை அவை கொழுப்பாக மாற்றி வைத்துவிடும். எப்படிக் கட்டுது என்று தேடியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் ஃபியோடர் லினன்.

1911-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா அந்த ஊர் டெக்னிக்கல் கல்லூரியில் மெக்கானிக்கல் ப்ரொஃபசர். நம்ம ஆளு வீட்டுப் பிள்ளை! ஆனால் மகன் 1930-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் சேர்ந்தார். நோபல் வாங்கிய ஹைன்ரிஷ் வீலாண்டுதான் கைடு. விஷக்காளானின் நஞ்சை ஆராய்ந்து 1937-ல் டாக்டர் பட்டம். அதே வருஷம் கைடின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். இதை மட்டும் நீங்க முயற்சி பண்ணாதீங்க.

மாணவனாக இருந்தபோது பனிச்சறுக்கில் விழுந்து காலில் பலத்த அடி. அந்தக் கால்தான் பின்னாடி அவரை ஹிட்லரின் ராணுவத்துக்குப் போகாமல் காப்பாற்றியது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே 1930-ல், லினனின் அப்பா வேலை பார்த்த அதே கல்லூரியில் வேதியியல் சேர்ந்த கொன்ராட் பிளாக் யூதர். நாஜிகள் வந்ததும் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. அவர் அமெரிக்கா போனார். லினன் மியூனிக்கிலேயே தங்கிவிட்டார்.

அப்போதைய பெரிய புதிர் இதுதான். கொழுப்புக்கான செங்கல், இரண்டு கார்பன் கொண்ட அசிட்டிக் அமிலம். அதாவது வினிகரில் இருக்கிற அதே பொருள். ஆனால் அது சோம்பேறி மூலக்கூறு, தானாக எதோடும் சேராது. செல்லுக்குள் யாரோ அதை உசுப்பிவிடுகிறார்கள். அது கோ-என்சைம் ஏ என்று லிப்மன் காட்டியிருந்தார். எந்த இடத்தில் பிடிக்குது என்பதுதான் தெரியவில்லை. அது கந்தக அணுவில்தான் என்று 1951-ல் லினன் நிரூபித்தார். அசிட்டைல் கோ-ஏ என்ற அந்தப் பொருளை ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்தும் காட்டினார்.

அடுத்து, கொழுப்பு அமிலத்தைச் செல் இரண்டிரண்டு கார்பனாக எப்படி வெட்டுது என்ற சுழற்சியும் தெளிவானது. அதைத் திருப்பி ஓட்டினால் கட்டுமானம் வந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். லினனும்தான்.

இங்கேதான் தடுக்கியது. 1958-ல் அமெரிக்காவில் சாலி வாக்கில், கட்டும்போது மலோனைல் கோ-ஏ என்ற மூன்று கார்பன் பொருள் வருவதைக் கண்டார். வெட்டும் பாதையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கட்டும் பாதையே வேறு!

உங்களுக்கு இது புரியும். வொர்க்‌ஷாப்பில் ஷாஃப்டிலிருந்து பேரிங்கைப் புல்லர் வைத்து இழுத்துக் கழட்டினோமே. திரும்ப மாட்ட அந்தப் புல்லரா உதவியது? பிரஸ் வேண்டியிருந்தது, இல்லையென்றால் சூடு பண்ண வேண்டியிருந்தது. செல்லும் அப்படித்தான். மூன்றாவது கார்பனை ஒட்ட ஏடிபி செலவாகும். சேரும்போது அந்தக் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும். அந்தக் கழற்றல்தான் வேலையை முன்னாடி தள்ளுது. ஒரு அசிட்டைல், ஏழு மலோனைல், ஏழு சுற்று: 16 கார்பன் பால்மிடிக் அமிலம் தயார்.

தான் நம்பிய வழி தப்பு என்று தெரிந்ததும் லினன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. புதுப் பாதையையே எடுத்து வேலை செய்தார். ஈஸ்டில் இந்த எல்லா வேலைக்குமான என்சைம்களும் ஒரே பெரிய தொகுப்பாக இருக்கின்றன, வளரும் சங்கிலி அதிலிருந்து பிரியாமலே ஒவ்வொரு இடமாக நகருது என்று காட்டினார். அச்சு அசல் அசெம்ப்ளி லைன். அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

1964-ல் லினனுக்கு மருத்துவ நோபல். பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? கொலஸ்ட்ராலும் அதே அசிட்டிக் அமிலச் செங்கலில்தான் கட்டப்படுது என்று காட்டிய கொன்ராட் பிளாக். ஒரே ஊரில், ஒரே வருஷம் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த இரண்டு பேர்.

லினன் 1979-ல் மியூனிக்கிலேயே இறந்தார். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உங்க முதல் ஐடியா தப்பு என்று தெரிந்து முகம் வாடும்போது, அவரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.