குறையையும் எண்ணுவோம்

1521-இல் பம்பலோனா போரில் கால் முறிந்த வீரர் லொயோலா புனித இஞ்ஞாசியார். 1522-இல் மன்ரேசாவில் செபித்திருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களே அவரை மீண்டும் மீண்டும் வாட்டின. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதியெடுத்தார், விடுதலை பெற்றார்.

1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதலளித்த அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல் ஓர் எளிய வழி காட்டுகிறது. ஒரு குறையை மட்டும் எடுத்து, நண்பகலிலும் இரவிலும், விழுந்த தடவைகளைக் கோட்டில் புள்ளியிட்டு, நேற்றோடு இன்றை ஒப்பிட வேண்டும். இன்றைய நடத்தைச் சிகிச்சையும் தன் செயலைத் தானே குறித்துவரச் சொல்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்த பீஸை எண்ணும் நாம், வீட்டில் காட்டும் கோபத்தையும் எண்ணுவோமா? மனப்பாரம் தாங்காதபோது செபத்தோடு மருத்துவரையும் நாடுவோம். அதுவும் இறையருளே.