பேக்லண்ட் மறந்த பாதியல்ல. நாம் மறந்த பாதி

அருப்புக்கோட்டையில் எங்கள் பழைய வீட்டின் கறுப்பு பேக்லைட் சுவிட்சு இன்றும் உறுதியாக இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் லியோ பேக்லண்டை நினைத்துக்கொள்வேன்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1863-இல் பிறந்த அவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். அமெரிக்காவில் குடியேறி, தாம் கண்டறிந்த ஒளிப்படத் தாளை 1899-இல் ஈஸ்ட்மனுக்கு விற்றுச் செல்வரானார். ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. 1907-இல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இணைத்து, முதல் முழுச் செயற்கை நெகிழியை உருவாக்கினார்.

ஒருமுறை இறுகிவிட்டால் அது சூட்டில் உருகாது. ஆனால் தனித்து நின்றால் எளிதில் நொறுங்கும். மரத்தூளையும் நாரையும் சேர்த்தபோதுதான் அடி தாங்கியது. 1944-இல் அவர் மறைந்தார். உலகம் அவருடைய பிசினைப் போற்றியது. அதைத் தாங்கிய தாவரத்தை மறந்தது.

திருச்சுழிக் கரிசலில் பனையும் கற்றாழையும் மழை பொய்த்தாலும் நிற்கின்றன. அவற்றின் நாருக்குக் குறைகளும் உண்டு: ஈரத்தை உறிஞ்சும், ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். காரநீரில் பதப்படுத்தினால் பிசினோடு நன்கு பிணையும். நம் பொறியியல் ஆய்வகங்கள் இவற்றைச் சோதித்தே வருகின்றன. அச்சோதனை ஏட்டோடு நிற்கலாகாது. நாரைத் தரம்பிரித்துப் பதப்படுத்தும் பொதுக்கூடம் ஒன்று இங்கே அமையட்டும். நார் உரிப்பவரின் கூலியும் அதனால் உயரட்டும்.