ஜே. ஆர். டி. டாடாவும் சிறு விமானங்களும்

பெரியகுளத்தில் வராக நதிக் கரையில் நின்று வடக்கே நோக்குவோர்க்குப் பழனிமலைத் தொடர் நெடியதோர் மதில்போலக் காட்சியளிக்கும். மோட்டார்ப் பாதை அமைவதற்கு முன், கோடைக்கானல் செல்வோர் இவ்வூரையடுத்த அடிவாரத்தினின்றே கால்நடையாகவும், ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளில் அமர்ந்தும் அம்மலை ஏறினர். இன்றும் தேனி ஜில்லாவாசிகள் ஆகாய விமானம் ஏற விரும்பின் மதுரைக்கே செல்லவேண்டும். ஆயினும் தலைக்குமேல் விமானத்தின் ஓசை கேட்டவுடன் அண்ணாந்து பாராத மாணவரை நாம் கண்டதில்லை. விமானி என்றவுடன் அவருடைய துணிவையே யாவரும் புகழ்கின்றனர். துணிவு வேண்டுவதே, ஆனால் அது மட்டும் ஒருவரை உயிரோடு தரையில் இறக்கிவிடாது. இதனை நன்குணர்ந்த ஒருவரது சரிதத்தை ஈண்டு எடுத்துரைப்போம்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் தேதி பாரிஸ் நகரத்திற் பிறந்தார். தந்தையார் பம்பாய்ப் பார்சி வணிகர். தாயார் பிரெஞ்சு மாது. கோடை காலத்தில் குடும்பத்தினர் வடபிரான்சின் கடற்கரையிலுள்ள ஹார்டெலோ என்னும் ஊரில் தங்குவர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்த பிளேரியோ என்பவருக்கும் அவ்வூரில் வீடு இருந்தது. அவருடைய விமானங்கள் மணற்பரப்பில் வந்திறங்குவதைக் கண்ட சிறுவன், தானும் ஒரு நாள் பறப்பதென உறுதி கொண்டான்.

1925இல் பம்பாய் வந்து குடும்பக் கம்பெனியில் சம்பளமின்றித் தொழில் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டே தந்தையார் காலமானார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, இந்தியாவில் வழங்கப்பெற்ற விமானி உரிமைச் சீட்டுகளில் முதலாம் எண்ணுடையதை இவர் பெற்றார்.

பின்னர் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு ஐந்நூறு பவுன். டாடா கராச்சியினின்று மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு பிராயத்து இளைஞர் இங்கிலாந்தினின்று கிழக்கே வந்தார். இருவரும் ஏறியவை ஜிப்ஸி மாத் விமானங்களே. மரச் சட்டமும் துணியுமாய் அமைந்து, இரண்டடுக்கு இறக்கையும், திறந்த ஆசனமும், நூறு குதிரைச் சக்தி யந்திரம் ஒன்றும் உடையவை. எகிப்து நாட்டு அபுகீரில் டாடா இறங்கியபோது, எதிரே வந்த ஆஸ்பி அங்கே தவித்து நிற்கக் கண்டார். யந்திரத்திற்குத் தீப்பொறி தரும் பிளக்குகள் கெட்டுப்போயின. மாற்றுவதற்கு அவரிடம் வேறு இல்லை. பிளக்கில் கரி படிந்தால் பொறி எழாது. பொறி எழாத யந்திரம் பாலைவனத்தின்மேல் நின்றுவிட்டால் விமானி மீள்வது அரிது. டாடாவோ உபரி பிளக்குகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அவற்றிற் சிலவற்றைப் போட்டியாளருக்கே கொடுத்துவிட்டார். பரிசு ஆஸ்பிக்குச் சென்றது. டாடா சிறிது நேர வித்தியாசத்தில் தோற்றார். அந்த ஆஸ்பியே பிற்காலத்தில், 1960இல், இந்திய விமானப் படைக்குத் தலைவரானார். டாடாவின் பெருந்தன்மையை எல்லோரும் பாராட்டுகின்றனர். நாமோ அதனினும் அவர் பையில் உபரி பிளக் இருந்ததையே வியக்கிறோம். இல்லாததை எப்படிக் கொடுப்பது?

நிற்க. நெவில் வின்ட்சென்ட் என்னும் விமானி, கராச்சிவரை வந்து நின்ற சீமைத் தபாலைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாகக் கொண்டு செல்லும் யோசனையுடன் டாடா கம்பெனியாரை அடுத்தார். அரசாங்கத்தார் உதவித் தொகை தர மறுத்தனர். எனினும் சுமார் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்துடன் வேலை தொடங்கிற்று. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி டாடா கராச்சியினின்று பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டார். வானொலிக் கருவி இல்லை. வழிகாட்டும் விளக்கு இல்லை. இருந்தது ஒரே யந்திரம். ஆமதாபாத்தில் மாட்டு வண்டியில் வந்த தகரங்களினின்று பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து வின்ட்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார்.

இவ்விடத்தில் அவ்விமானங்களைச் சற்று ஒப்பிட்டு நோக்குதல் நலம். பஸ் மாத்தில் இறக்கை ஓரடுக்கே. அதுவும் தலைக்கு மேலே அமைந்தது. விமானி மழையில் நனையாமல் அறைக்குள் அமரலாம். உடற்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. யந்திரம் தலைகீழாய்ப் பொருத்தப்பட்டதால் முன்னே பார்வை தடையின்றிச் செல்லும். ஆனால் இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கீழிறங்கிப் பிளக்குகளை நனைத்துவிடக் கூடும். ஆதலின் காலையில் பொறியை நிறுத்திவைத்தே சுழல்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். அன்றியும், இவ்வகையில் சில விமானங்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து வீழ்ந்தன. இறக்கையைத் தாங்கும் கம்பு அதிர்வதே காரணமென ஆராய்ந்து கண்டு, சிறு துணைக்கம்பு ஒன்றைச் சேர்த்தபின் அக்குறை நீங்கிற்று. கையகலக் கம்பு எத்தனை உயிரைக் காத்தது! 1933இல் வந்த லெப்பர்ட் மாத்தோ எஃகை விடுத்து மீண்டும் ஒட்டுப்பலகைக்கே திரும்பியது. எடை குறைந்ததால் அதிக தூரம் செல்ல வல்லதாயிற்று. எஃகுக்குத் துருவும், பலகைக்கு ஈரமும் பகை. இறக்கைத் துணி கிழிந்தால் தைத்து வார்னிஷ் பூசவேண்டும். எதை வாங்கினும் இப்பணிகளினின்று தப்புவதற்கில்லை.

ஜூஹூவிலோ இவை யாவும் பன்மடங்கு கடினம். அது ஒரு சேற்று நிலம். கொட்டகை ஓலை வேய்ந்தது. மழைக் காலத்தில் கடல்நீர் புகுந்துவிடும். ஆதலால் மழை மாதங்களில் எல்லாவற்றையும் பூனாவுக்கு மாற்றிக்கொண்டனர். அத்தகைய நிலையிலும் முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்து, 155 பிரயாணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் சுமந்து, அறுபதினாயிரம் ரூபாய் லாபமும் கண்டனர். 1935இல் திருவனந்தபுரத்துக்கும் தபால் விமானம் சென்றது. வின்ட்சென்ட் 1942இல், யுத்த காலத்தில், விமானப் பிரயாணத்தின்போது உயிர் துறந்தார்.

டாடா 1938இல், முப்பத்து நான்காம் வயதில், டாடா கம்பெனிகளின் தலைவரானார். எஃகு ஆலை முதலிய அவருடைய ஏனைப் பணிகளை விரிப்பின் பெருகும். 1946இல் அவருடைய விமானக் கம்பெனி ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8ஆம் தேதி அதன் விமானம் பம்பாயினின்று லண்டனுக்குப் புறப்பட்டது. 1953இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அவருக்கு அது பெரும் மனவருத்தம். எனினும் ஊதியமின்றித் தலைமைப் பொறுப்பை வகித்தார். தாம் பிரயாணம் செய்யும் ஒவ்வொரு முறையும் காப்பியின் நிறம், திரைச்சீலையின் அழுக்கு, கழிவறையின் தூய்மை ஆகியவற்றைக் குறித்து அதிகாரிகளுக்கு எழுதுவார். சிலர் இதனை அற்ப விஷயமென நகைத்தனர். பிளக்கையும் கம்பையும் பார்த்துப் பழகிய கண் வேறெதனைப் பார்க்கும்?

1978இல் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் அவரை அப்பதவியினின்று நீக்கியது. அச்செய்தி அரசாங்கத்தாரிடமிருந்து நேரே வராமல், பின்னவராக நியமிக்கப்பட்டவர் வாயிலாகவே அவர் செவிக்கு எட்டிற்று. நாற்பத்தைந்து ஆண்டு வளர்த்தவருக்கு இவ்வளவு சிறிய மரியாதையும் செய்யாதது தகாதென்றே நாம் கருதுகிறோம்.

1962இலும், பின்னர் 1982 அக்டோபர் 15ஆம் தேதி எழுபத்தெட்டாம் வயதிலும், பழைய லெப்பர்ட் மாத் ஒன்றில் ஏறிக் கராச்சியினின்று பம்பாய்க்கு அதே பாதையில் தாமே செலுத்தி வந்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29ஆம் தேதி ஜெனீவாவிற் காலமாகி, பிறந்த ஊராகிய பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா கம்பெனியாரிடம் வந்து சேர்ந்தது.