குறுக்கீட்டுக்குப் பயந்த டைக்ஸ்ட்ரா

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்காகக் கட்டணம் செலுத்தும் மென்பொருள் எழுதினேன். மறுமுனையிலிருந்து பதில் வர ஐந்தாறு வினாடிகள் ஆகும். அதுவரை திரை உறைந்து நிற்கும். காத்திராமல் மற்ற வேலைகள் தொடரும்படி மாற்றினேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரங்களின் பின் ஒருவருடைய பற்றுச்சீட்டு இன்னொருவர் பெயரில் வந்தது. நான் செய்து பார்த்தால் பிழை வரவேயில்லை. அந்த நாட்களில்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைத் தேடிப் படித்தேன்.

1930 மே 11ஆம் திகதி நெதர்லாந்தின் றொட்டர்டாமில் பிறந்தவர். 1952இல் அம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் திருமணப் பதிவின்போது அப்படியொரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் மறுத்துவிட, கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் என்று எழுத வேண்டியதாயிற்று. குறுகிய பாதையைக் கண்டறியும் அவரது முறையைப் பலரும் அறிவர். நான் சொல்ல வருவது வேறு.

அக்காலக் கணினி, மெதுவான தட்டச்சுப்பொறி வேலையை முடிக்கும்வரை சும்மா நிற்கும். எக்ஸ்1 கணினியை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் ஒரு வழி சொன்னார்கள்: கணினி தன் வேலையைப் பார்க்கட்டும், கருவி முடித்ததும் அதுவே குறுக்கிட்டு அறிவிக்கட்டும். டைக்ஸ்ட்ரா பயந்துபோனார். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று தெரியாவிட்டால், ஒரே நிரல் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக ஓடும். பிழையை மீண்டும் வரவழைத்துப் பிடிக்க முடியாது. சில மாதங்கள் முடிவைத் தள்ளிப்போட்டார். பிறகு இணங்கி, அதைக் கையாளும் நிரலைத் தானே எழுதினார். 1959இல் அவரது கலாநிதிப் பட்ட ஆய்வும் அதைப் பற்றியதே. பிழையைப் பிடிக்க முடியாதென்றால் அது நுழையாதபடி எழுத வேண்டும் என்ற அவரது பிற்காலப் பிடிவாதம் இங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

1960களில் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிறு குழுவோடு டிஎச்இ இயக்க முறைமையைக் கட்டினார். அதன் அடிப்படை செமபோர். புகையிரதக் கைகாட்டியின் பெயர், வேலையும் அதுதான். வழி கிடைக்கும்வரை ஒரு செயல்முறை தூங்கும். வேலையை முடித்த மற்றது அதை எழுப்பிவிடும். குறுக்கீடுகள் எல்லாம் அடி அடுக்குக்குள் அடங்கின. மேலே எழுதுபவருக்கு அவை தெரியவே தேவையில்லை.

நான் செய்தது நேர் எதிர். ஒரே ஒப்ஜெக்டை இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் திருத்த விட்டிருந்தேன். பிறகு கோரிக்கைக்கு ஒன்றாகப் பிரித்தேன். அழைப்பவருக்கு உடனே கிடைப்பது, பதில் பின்னர் வரும் என்ற ஒரு டோக்கன் மட்டுமே. பதில் வரும்வரை உள்ளே எவரும் கை வைக்க முடியாது. முழுதாக எழுத மூன்று நாட்கள் பிடித்தன.

1972இல் டைக்ஸ்ட்ராவுக்கு டூரிங் விருது. அதே ஆண்டு டால், ஹோர் இருவரோடும் சேர்ந்து கட்டமைப்பு நிரலாக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். நோர்வேயின் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலாவில்தான் ஒப்ஜெக்டுகளும், பாதியில் நின்று விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரல்களும் ஒன்றாக வந்தன.

2002 ஜூன் 29இல் டால் காலமானார். ஓகஸ்ட் 6இல் நியூனன் வீட்டில் டைக்ஸ்ட்ரா. நான்கு நாட்களில் நைகார்ட்.